தேர்வுக் கழகம் ஆராய்ச்சிக் கழகமானது

கல்வியின் பயன் இருதிறப்படும். முன்னோர் கண்டவற்றைக் கற்றுக் காத்தல் ஒன்று. அவர் காணாதவற்றைக் கண்டு உலகிற்கு உதவுதல் மற்றொன்று. நம் சமூகத்தார் தம் மக்களைப் பட்டம் பெறச் செய்தற்குப் பெரிதும் முயன்று வருகின்றனர். அம்முயற்சி போற்றத்தக்கதே. எனினும், பட்டத்தோடு கல்வி முற்றுப்பெறுமோ என்பது ஆராயற்பாலது. சென்னைப் பல்கலைக் கழகத்தின் வரலாறு இதற்குத் தக்க விடை தருகின்றது.

1857-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் நிறுவப்பெற்ற இக்கழகம், தொடக்கத்தில் தானே பாடஞ் சொல்லும் நிலையமாக இருந்ததில்லை. இலண்டன் பல்கலைக் கழக முறையைப் பின்பற்றி, கல்லூரிகளை இணைத்து, தேர்வு நடத்திப் பட்டம் வழங்குதலே அதன் தொழிலாயிருந்தது. ஆராய்ச்சித் துறைகள் 20-ஆம் நூற்றாண்டிலேயே அமைந்தன.

அம்மாறுதற் காலத்தில் நிகழ்ந்ததொன்று நம் நெஞ்சிற் பதியத்தக்கது. ஸ்ரீநிவாச ராமாநுஜன் கணிதம் ஒன்றிலேயே கருத்தூன்றிப் பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் எப். ஏ. தேர்வில் தேறாதவர். 1912-ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் ரூபாய் 30 ஊதியத்திற்குக் கணக்கெழுதி வந்தார். வானிலைத் துறைத் தலைவராகிய கில்பர்ட் வாக்கர் அவருடைய கணக்குகளைக் கண்டு வியந்து, கழகத்திற்குப் பரிந்தெழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகை பெறுதற்கு முதுகலைப் பட்டம் வேண்டுமென்பது விதி. ஆயினும் ஆட்சிக் குழுவினர் அவ்விதியைத் தளர்த்தி, 1913-ஆம் ஆண்டில் மாதம் ரூபாய் 75 வீதம் ஈராண்டிற்கு அளித்தனர். தன் தேர்வு தள்ளிய ஒருவரைக் கழகம் தானே தாங்கிக்கொண்டது! அவர் 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்று, 1918-இல் இராயல் சங்கத்தின் உறுப்பினரானமை உலகறிந்தது.

நம் தாய்மொழிக்குக் கழகம் ஆற்றிய தொண்டும் இத்தகையதே. 1913-இல் சாண்ட்லர் பாதிரியாரைத் தலைமையாகக் கொண்டு தொடங்கிய தமிழ்ப் பேரகராதிப் பணி, 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளையவர்கள் பொறுப்பில் வளர்ந்து, 1936-இல் ஆறு தொகுதிகளாக முற்றுப்பெற்றது. 1939-இல் அநுபந்தமும் வெளிவந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் அதிலுள்ளன. கால் நூற்றாண்டு பொறுத்திருந்தாலன்றி இத்தகைய நூல் கைகூடுமா?

அறிவியலிலும் இப்பொறுமையே பயன் தந்தது. துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் அழைக்க, 1952-இல் பௌதிகத் துறைத் தலைமையை ஏற்றவர் ஜி. என். இராமச்சந்திரன், அப்பொழுது அவர்க்கு வயது முப்பதேயாம். தோலிலும் நரம்பு நாண்களிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம், மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றதென்று எக்ஸ் கதிர் ஆராய்ச்சியால் 1954-இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் விளக்கினர். புரதச் சங்கிலியின் கணுக்கள் அணுக்கள் மோதாமல் எவ்வெக் கோணங்களில் திரும்பக்கூடும் என்பதைக் காட்டும் படம் 1963-இல் வெளியாயிற்று. இன்றும் உலகெங்கும் புரத அமைப்பை ஆராய்வோர் தம் முடிபுகளை அப்படத்தோடு ஒப்புநோக்கியே சரிபார்க்கின்றனர்.

இம்மூன்றும் விளக்குவது யாது? மதிப்பெண்ணுக்கு அப்பால் ஆற்றலை அறிதல், அறிந்தபின் பொருளுதவி புரிதல், பயன் விளையுமளவும் பொறுத்திருத்தல் ஆகிய இவையே ஒரு கழகத்தைப் பெருமையுறச் செய்வன. நம் சங்கத்தார் கல்வி உதவி வழங்குமிடத்தும் இவற்றை எண்ணுதல் வேண்டும். தேர்வில் ஒருமுறை தவறியவனும், ஒரு துறையிலேயே ஆழ்ந்து கிடக்கும் பெண்ணும் நம் வீடுகளிலும் இருத்தல் கூடும். பட்டம் பெற்றபின் மேலாராய்ச்சி விழைவோரை, உடனே உத்தியோகம் தேடுமாறு நெருக்குதலும் தகாது. அவர்க்கென நம் நிதியில் ஒரு பகுதியை ஒதுக்குவோமாக.