தாயின் உடலும் தாயின் மனமும்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், கல்லூரியின் அதிபர்களையும் ஆசிரியைகளையும் பலர் நன்றியோடு நினைவுகூருவர். வைத்தியத் துறைக்குச் சென்ற பழைய மாணவிகளாகிய நாம், எம் பெண்கள் பிள்ளை பெற்று வளர்த்த வரலாற்றைச் சிறிது எழுத விரும்புகிறோம்.

வைத்தியர் சாமுவேல் கிறீன் 1848இல் மானிப்பாயில் மருத்துவப் பணியை நிலைநிறுத்தினார். கொழும்பில் 1879இல் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டது. 1898இல் இணுவிலில் பெண்களுக்கென்றே மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. எனினும் பெரும்பாலான பிள்ளைகள் ஊர் மருத்துவிச்சியின் கையில், வீட்டிலேயே பிறந்தன. 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவே பயிற்சி பெற்ற மருத்துவமாதை வீட்டு வாசலுக்கு அனுப்பும் முறைக்கு வழி திறந்தது. 1930களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2000இற்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை ஏறத்தாழ 30. இலவச வைத்தியத்தோடு பெண் கல்வியும் இதனைச் சாதித்தது.

உடல் காப்பாற்றப்பட்டது. மனம்?

எம் பாட்டிமார் காலத்தில் பிள்ளைப்பெற்ற வீட்டில் 31 நாள் துடக்கு. வேது நீர், சரக்குக் கறி, பத்தியம் என்று தாயும் பெரியம்மாவும் பார்த்துக்கொண்டனர். அடுப்படி வேலையிலிருந்து அவளுக்கு விடுதலை கிடைத்தது. இவை மனதுக்கும் மருந்தாயின. ஆனால் அவள் காரணமின்றி அழுதால், "பேய் பார்த்துவிட்டது" என்று நூல் கட்டினார்களேயன்றி, "என்ன பிள்ளை, மனதுக்கு என்ன?" என்று கேட்டவர் குறைவு. பிள்ளையில்லாதவளின் நிலை இதனிலும் கொடிது. நல்ல காரியங்களில் அவளை ஒதுக்கினர். கணவனைப் பரிசோதிக்க எவரும் நினைக்கவில்லை. குழந்தைப்பேறின்மையில் ஆண்பக்கக் காரணிகளும் பெருமளவு உண்டென்பதை இன்று அறிவோம். 1978இல் இங்கிலாந்தில் முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தபின் நம்பிக்கை வளர்ந்தது. அதேவேளை, சிகிச்சையின் ஒவ்வொரு சுற்றிலும் காத்திருப்பும் ஏமாற்றமும் சேர்ந்தே வந்தன.

போர் அந்த 31 நாளையும் பறித்தது. 1995 இடப்பெயர்விலும் 2009 வன்னியிலும் பிள்ளை பெற்றவர்களுக்குப் பத்தியம் சமைக்க வீடு இருக்கவில்லை. பலருக்குக் கணவன் எங்கேயென்றும் தெரியவில்லை. புலம்பெயர்ந்த எம் தோழியர் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் தாயின் துணையின்றிப் பிள்ளை பெற்று, பனிக்காலத்தில் நான்கு சுவருக்குள் தனித்திருந்தனர்.

பிள்ளைப்பேற்றையொட்டிய மனநோய்களைப் பற்றிப் பிரான்சிய வைத்தியர் மார்சே 1858இலேயே தனி நூல் எழுதினார். ஆயினும், சாதாரண கிளினிக்கில் பயன்படுத்தத்தக்க எளிய வினாக்கொத்து 1987இல்தான் எடின்பரோவிலிருந்து வந்தது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிய பத்துக் கேள்விகள்; விடையளிக்கச் சில நிமிடம் போதும். இலங்கையிலும் அது பயன்படுகிறது.

பிரசவத்தின் பின் முதல் நாட்களில் வரும் அழுகை இரு வாரங்களுக்குள் தானே அடங்கிவிடும். அதற்கு மேலும் துயரம் நீடித்தால், பிள்ளை உறங்கியும் தாய்க்கு உறக்கம் வராவிட்டால், "நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற எண்ணம் வந்தால், அது நோய். செல்லம் கொடுத்ததாலோ பக்தி குறைந்ததாலோ வந்ததன்று. ஆலோசனையாலும் மருந்தாலும் குணமாகும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உள்ளன. இல்லாத குரல்கள் கேட்பது, பிள்ளைக்குத் தீங்கு செய்யும் எண்ணம் எழுவது என்றால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பிள்ளை வளர்ந்தபின்னும் சுமை குறைவதில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பிள்ளையோடு தாயும் எழுதுகிறாள். வேலையால் வந்து ரியூசன் வாசலில் காத்துநிற்பவளுக்குத் தன் களைப்பைச் சொல்லவும் நேரமில்லை.

சங்கத்தின் சகோதரிகளே, ஒரு வேண்டுகோள். பிள்ளை பார்க்கப் போகும்போது பவுடரும் சவர்க்காரமும் கொண்டுபோகிறோம். குழந்தையைத் தூக்குமுன் தாயிடம், "நீ நித்திரை கொள்கிறாயா? சாப்பிட்டாயா?" என்று கேட்போம். ஒரு மணி நேரம் பிள்ளையை வைத்திருந்து அவளை உறங்கவிடுவோம். புதிதாய் மணமுடித்தவளிடம், "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பதை விட்டுவிடுவோம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இரவு பகலாக இயங்குகிறது. அதனையும் எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம்.