புக்குசிமா அணு விபத்தும் பொதுச் சுகாதாரத் தாதியரும்: ஒரு வரலாற்று நோக்கு

அனர்த்தங்களின் வரலாறு பெரும்பாலும் அரசாங்கத்தின் தீர்மானங்களையும் அறிஞரின் அறிக்கைகளையும் ஆதாரமாகக் கொண்டே எழுதப்படுகின்றது. அவற்றைப் பெற்றோருக்கு எடுத்துரைத்தவர்களின் பணி அதில் அரிதாகவே இடம்பெறுகின்றது. 2011 மார்ச் 11 ஆந் திகதி யப்பானின் வடகீழ்க் கரையைத் தாக்கிய நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் தொடர்ந்து, புக்குசிமா முதலாம் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. அதன் பின்னர் இப்பணியின் பெரும் பகுதி பொதுச் சுகாதாரத் தாதியரைச் சார்ந்தது. ஆபத்தின் அளவை அறிவித்தல் வேறு, அதனை விளங்கிக்கொள்ள உதவுதல் வேறு என்பதை அவர்தம் அனுபவத்தின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹொக்கென்சி என யப்பானிய மொழியில் வழங்கும் இத்தாதியர், நோயாளரைப் பராமரிப்பவரல்லர். ஊர்களிலும் வீடுகளிலும் நோய்த்தடுப்புப் பணி ஆற்றுபவராவர். 1937 இல் நிறைவேறிய சுகாதார நிலையச் சட்டம் இவர்தம் பணிக்குக் களம் அமைத்தது. முன்மாதிரிச் சுகாதார நிலையங்களை அமைக்க ரொக்பெல்லர் மன்றம் அந்நாளில் உதவியது. 1926 இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்றுவதற்குத் துணைநின்றதும் அம்மன்றமே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. கருவுற்ற தாயர்க்கான கைந்நூல் 1942 இல் அறிமுகமாகி, 1948 இல் தாய் சேய் கைந்நூலாக விரிந்தது. குழந்தைகளின் உடல்நலப் பரிசோதனையும் வீடு தேடிச் செல்லும் வழக்கமும் சேர, தாய்மார் முதலில் நாடும் அலுவலராகத் தாதி அமைந்தார்.

இந்நம்பிக்கைக்கு 2011 கடுஞ் சோதனையாயிற்று. பாடசாலை முற்றங்களைப் பயன்படுத்துவதற்கு ஆண்டொன்றுக்கு 20 மில்லிசீவேட் என்பதை அளவுகோலாகக் கொண்டு, கல்வி அமைச்சு ஏப்பிரல் 19 ஆந் திகதி மணிக்கு 3.8 மைக்ரோசீவேட் என வரையறுத்தது. சாதாரண காலத்தில் பொதுமக்களுக்குரிய எல்லை 1 மில்லிசீவேட் என்பதை அறிந்த பெற்றோர் கொதித்தெழுந்தனர். மே 27 ஆந் திகதி, பாடசாலையில் பெறும் அளவை 1 மில்லிசீவேட்டுக்குள் அடக்குவதே இலக்கு என அமைச்சு அறிவித்தது. உணவுப் பொருள்களில் சீசியத்துக்குத் தற்காலிகமாக விதிக்கப்பட்ட கிலோவுக்கு 500 பெக்கரல் என்னும் எல்லை, 2012 ஏப்பிரலில் 100 ஆகக் குறைக்கப்பட்டது. எல்லைகளை வகுத்தவர் தோக்கியோவில் இருந்தனர். நேற்று ஏற்புடையதாயிருந்தது இன்று எவ்வாறு ஏற்கத்தகாததாயிற்று என்னும் வினாவைத் தாய்மார் தொடுத்ததோ தம் ஊர்த் தாதியிடமே. கதிர்வீச்சுப் பற்றிய பயிற்சி பெரும்பாலும் பெறாத அத்தாதியருட் பலர் தாமும் இடம்பெயர்ந்தோராகவும் பிள்ளைகளைப் பெற்றோராகவும் இருந்தனர்.

2011 ஒக்டோபரில், விபத்தின்போது 18 வயதும் அதற்குக் குறைந்தோருமான ஏறத்தாழ 3,60,000 பேருக்கெனத் தைரொயிட்டுச் சுரப்பிப் பரிசோதனை ஆரம்பமாயிற்று. பரிசோதிக்கப்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அஞ்சலில் வந்த முடிவு ஏ2 என்பதாகும். சிறு கட்டியோ நீர்க்கோளமோ காணப்பட்டது, மேற்பரிசோதனை வேண்டுவதில்லை என்பதே அதன் பொருள். ஆயின், பெற்றோர் அதனைப் புற்றுநோயின் தொடக்கமெனக் கருதி அஞ்சினர். பின்னர் அவோமோரி, யமனாசி, நாகசாக்கி ஆகிய இடங்களில் ஒப்பீட்டுக்காகப் பரிசோதிக்கப்பட்ட சிறுவருள்ளும் பாதிக்கு மேற்பட்டோரிடம் அவ்வாறே காணப்பட்டது. எனவே, அச்சத்தை விளைத்தது நோயன்று. விளக்கமின்றி அனுப்பப்பட்ட முடிவேயாகும் எனலாம்.

இவ்விடர்ப்பாட்டிலிருந்து இரு வழிகள் உருப்பெற்றன. முதலாவது, பேசும் முறையை மாற்றியமை. பெருங்கூட்டத்தில் வல்லுநர் ஆற்றும் விரிவுரைக்குப் பதிலாக, சிலர் கூடியிருந்து வினவும் சிறு கூட்டங்கள் பயன்பட்டன. புக்குசிமா மருத்துவப் பல்கலைக்கழகத்தார் நடத்திய பயிற்சியில், கடினமான அறிவித்தல்களை எளிய நடையில் திருத்தி எழுதுவதற்குத் தாதியர் பழகினர். இரண்டாவது, அளவீட்டைப் பெற்றோரின் கண்முன்னே நிகழ்த்தியமை. 2013 இறுதியில் குழந்தைகளுக்கெனத் தனியே அமைந்த உடற்கதிர்வீச்சு அளவி ஒன்று ஹிரத்தா மருத்துவமனையில் நிறுவப்பட்டது. ஒரே உணவை உண்ணும் பெற்றோரை அளந்தாலே போதும் என்பதை அதனை அமைத்த அறிஞர் அறிந்திருந்தனர். எனினும், தம் குழந்தையையே அளந்து அறியவேண்டும் என்னும் பெற்றோரின் வேண்டுகோள் நியாயமானதென ஏற்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் அங்கு அளக்கப்பட்ட குழந்தைகளிடத்துச் சீசியம் கண்டறியப்படவில்லை. அளவி தந்த எண்ணினும், அதனை முன்வைத்துத் தாயுடன் நிகழ்த்த முடிந்த உரையாடலே பெரும் பயனாயிற்று.

கதிர்வீச்சினால் நேரடியாக விளைந்தவை எனக் கொள்ளத்தக்க உடல்நலக் கேடுகள் புக்குசிமா மக்களிடையே பதிவாகவில்லை என, ஐக்கிய நாடுகளின் அறிவியற் குழு 2021 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. இம்முடிவை முன்வைத்துத் தாய்மாரின் அச்சம் வீணானதென வாதிப்பாரும் உளர். அவ்வாதம் பொருந்துவதன்று. தன் பிள்ளையை வெளியே விளையாட விடலாமா என்று வினவிய தாய், பத்தாண்டின் பின் வரும் அறிக்கைக்காகக் காத்திருக்க இயலாது. அன்றைய பொழுதிலேயே முடிவெடுக்கவேண்டியவள் அவள். அவளுக்கு முன்நின்ற தாதியிடம் இருந்த ஒரே முதல், அனர்த்தத்துக்கு முன்னரே வீட்டு வாயிலில் ஈட்டிய நம்பிக்கையாகும். அம்முதலைத் தேடித்தருவது அமைதிக் காலத்துப் பணியே. அப்பணியை நலியவிடும் நாடு எதுவாயினும், அனர்த்தம் நேரும்போது அறிக்கைகளை மாத்திரமே மக்களுக்கு வழங்கக்கூடியதாயிருக்கும்.