விழுந்த பதினோராம் நாள்

மலருக்காக ஒரு சாதனைப் பெண்ணின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். நான் பத்தாவது வரைதான் படித்தவள். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் எழுதப்போவது எலெனா இசின்பயேவாவைப் பற்றி. ரஷ்யாவில் வோல்கோகிராட் என்ற ஊரில் 1982-ல் பிறந்தவர். அப்பா குழாய் வேலை செய்பவர், வசதியில்லாத குடும்பம். ஐந்து வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகச் சேர்ந்தார். பதினைந்து வயதில், அதற்குச் சரிப்படாத அளவுக்கு உயரமாக வளர்ந்துவிட்டதால் விட வேண்டியதாயிற்று. பத்து வருஷ உழைப்பு போச்சேன்னு அவர் உட்காரவில்லை. கோலூன்றித் தாண்டப் பழகினார். மறு வருஷமே, 1998-ல், உலக இளையோர் போட்டியில் 4 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார்.

ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு இந்தப் போட்டி 1896-லேயே உண்டு. பெண்களுக்கு 2000-ல் சிட்னியில்தான் வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் நம்மை வெளியிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த சிட்னியில் இசின்பயேவா முதல் சுற்றோடு வெளியேறினார். ஆனால் 2004-ல் ஏதென்ஸில் 4.91 மீட்டர் தாண்டித் தங்கம். 2005-ல் லண்டனில் 5 மீட்டர் தாண்டினார், உலகத்திலேயே முதல் பெண்ணாக. 2008-ல் பெய்ஜிங்கில் 5.05 மீட்டர், மறுபடி தங்கம்.

இந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து மூன்று முறை குறுக்குக் கம்பைத் தட்டிவிட்டால் வெளியே போகணும். 2009 ஆகஸ்ட் 17, பெர்லின் உலகப் போட்டி. எல்லோரும் இவருக்குத்தான் தங்கம் என்று இருந்தார்கள். மூன்று முறையும் தவறினார். ஒரு உயரம்கூடத் தாண்டாமல், உலகமே பார்க்க, அழுதபடி போனார்.

பதினோராம் நாள், ஆகஸ்ட் 28, சூரிச் நகரில் மறுபடி கோலை எடுத்தார். 5.06 மீட்டர்! பதினாறரை அடிக்கு மேல். நம்ம ஊர் தளம் போட்ட வீடு சுமார் பத்தடிதான், யோசிச்சுப் பாருங்க. அந்த உயரத்தை இன்றுவரை எந்தப் பெண்ணும் தாண்டவில்லை.

இதை நான் ஏன் எழுதுறேன்னா, எனக்கும் ஒரு பெர்லின் உண்டு. உள்கடன் வாங்கி இரண்டு ஆடு வாங்கினேன். மழைக்காலத்தில் நோய் வந்து இரண்டும் செத்துப்போச்சு. மூணு தவணை கட்ட முடியவில்லை. முகம் காட்ட வெட்கப்பட்டு குழுக் கூட்டத்துக்கே போகவில்லை. ஊக்குநர் அக்கா வீட்டுக்கு வந்து, "பணம் இல்லாட்டியும் வந்து உட்காரு, வராமத்தான் இருக்கக்கூடாது" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். பாக்கியைச் சிறுகச் சிறுகக் கட்டி முடித்தேன். இப்போது கறவை மாடு வைத்திருக்கிறேன்.

இசின்பயேவா 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2013-ல் மாஸ்கோ உலகப் போட்டியில் தங்கமும் வாங்கினார். 2014-ல் பெண் குழந்தைக்குத் தாயானார். ஊக்கமருந்துப் புகாரில் ரஷ்யத் தடகள அணிக்கே தடை வந்ததால் 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் போக முடியவில்லை. அந்த வருஷமே ஓய்வு பெற்றார்.

தவணை தவறிய சகோதரி யாராவது கூட்டத்துக்கு வராமல் இருந்தால், அவர் வீட்டுக்கு ஒரு நடை போய் வாங்க. அவருடைய பதினோராம் நாள் நம்ம கையிலும் இருக்கு.