தற்காலிகம் எப்போது முடிகிறது?

2020-ஆம் ஆண்டின் பொதுமுடக்க நாள்களில் உலகின் பெருநகரங்கள் பலவற்றில் சாலைகள் உருமாறின. வாகனங்கள் குறைந்துபோன தெருக்களில் நடப்பதற்கும் மிதிவண்டி ஓட்டுவதற்கும் இடம் ஒதுக்கப்பட்டது. உணவகங்கள் சாலையோரத்தில் மேசைகளைப் போட்டன. குடியிருப்புத் தெருக்களின் முனைகளில் செடித் தொட்டிகளும் கண்காணிப்பு கேமராக்களும் வைக்கப்பட்டன. பெரும்பாலும் எல்லாமே தற்காலிக ஏற்பாடு என்றே அறிவிக்கப்பட்டன. நெருக்கடிக் காலம் என்பதால் பலரும் பொறுத்துக்கொண்டனர். பெருந்தொற்று தணிந்த பிறகு, ‘இனி இது இப்படியே நீடிக்கும்’ என்று நகர நிர்வாகங்கள் கூறத் தொடங்கியபோது பூசல் முற்றியது.

இந்தப் பூசலைக் காரில் செல்வோருக்கும் நடந்து செல்வோருக்கும் இடையிலான சண்டையாகச் சுருக்கிவிடுவது எளிது. ஆனால், எழுந்த ஆட்சேபங்களைக் கவனித்தால் அவை இரு வகையாகப் பிரிவதைக் காணலாம். மாற்றமே வேண்டாம் என்பது ஒன்று. மாற்றத்தை நிலைப்படுத்திய முறை நேர்மையானதல்ல என்பது மற்றொன்று. முதல் வகையோடு விவாதிக்கலாம். புள்ளிவிவரம் காட்டிச் சிலரை இணங்கவும் வைக்கலாம். இரண்டாம் வகைக்குப் புள்ளிவிவரம் பதிலாகாது. அங்கே கேள்விக்குள்ளாவது அரசு கொடுத்த வாக்கு.

கடலோரச் சாலை ஒன்றின் கதை

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், பசிபிக் பெருங்கடலை ஒட்டிச் செல்வது கிரேட் ஹைவே. அதன் மேற்பகுதியில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவு, 2020 ஏப்ரலில் வாகனங்களுக்கு மூடப்பட்டது. மக்கள் அங்கே நடந்தனர். குழந்தைகள் மிதிவண்டி பழகினர். அருகிலுள்ள சன்செட் பகுதிவாசிகளுக்கோ நகரின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் வழி அது. பணிக்குச் செல்வோரும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவோரும் சுற்றிச் செல்ல நேர்ந்தது. சாலையில் ஓடிய வாகனங்கள் குடியிருப்புத் தெருக்களுக்குள் புகுந்தன என்று முறையீடுகள் எழுந்தன.

2021 ஆகஸ்டில் ஒரு சமரசம் ஏற்பட்டது. வார நாள்களில் வாகனங்களுக்கும் வார இறுதியில் மக்களுக்கும் சாலை என்று முடிவானது. 2022 டிசம்பரில் இந்த ஏற்பாட்டை 2025 இறுதிவரை நீளும் சோதனைத் திட்டமாக நகர மன்றம் ஏற்றது. சோதனை முடிந்த பிறகு விளைவுகளைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றே பகுதிவாசிகள் பலரும் புரிந்துகொண்டனர். ஆனால், சோதனைக் காலம் முடிய ஓராண்டுக்கு மேல் எஞ்சியிருந்தபோதே, சாலையை நிரந்தரமாக மூடும் யோசனை 2024 நவம்பர் வாக்கெடுப்புக்கு வந்தது. நகரம் முழுவதும் பதிவான வாக்குகளில் ஏறத்தாழ 55 சதவீதம் ஆதரவாக விழுந்தது. சாலைக்கு அருகில் வசிக்கும் சன்செட் வாக்காளர்களில் பெரும்பான்மையினர் எதிர்த்தே வாக்களித்தனர்.

2025 ஏப்ரலில் அங்கே ‘சன்செட் டியூன்ஸ்’ பூங்கா திறக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில், அப்பகுதியின் நகர மன்ற உறுப்பினரும் மூடலை முன்னின்று ஆதரித்தவருமான ஜோயல் எங்கார்டியோவைத் தொகுதி மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் திரும்ப அழைத்தனர். பதவி நீக்கத்துக்கு ஆதரவாக 60 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. பூங்கா நிலைத்தது, அதைக் கொண்டுவந்தவர் பதவி இழந்தார். ‘எங்களிடம் கேட்கவில்லை’ என்பதே அந்தத் தொகுதியில் உரக்க ஒலித்த குறை.

சட்டம் தரும் அவகாசம்

தற்காலிக மாற்றங்களுக்குத் தெளிவான சட்ட வரையறை உள்ள நாடுகளிலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. பிரிட்டனில் 1984-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டம், ‘சோதனை ஆணை’ பிறப்பிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு அளிக்கிறது. அத்தகைய ஆணை அதிகபட்சம் 18 மாதங்கள் நீடிக்கலாம். நடைமுறைக்கு வந்த முதல் ஆறு மாதங்களில், அது நிரந்தரமாவதை எதிர்த்து யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வழக்கமான ஆணைக்கு முன்கூட்டியே ஆட்சேபம் கேட்க வேண்டும். இங்கே முதலில் செய்துபார்த்துவிட்டுப் பிறகு கேட்கலாம். மக்கள் கற்பனையில் அஞ்சுவதைவிட அனுபவித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வது மேல் என்பதே இதன் நியாயம்.

நியாயம் சரியானதுதான். ஆனால், கேட்பது வெறும் சடங்காகிவிட்டால் அந்த நியாயம் மறைந்துவிடுகிறது. தெற்கு லண்டனின் லாம்பெத் உள்ளாட்சி மன்றம் மேற்கு டல்விச் பகுதியில் வாகனங்கள் ஊடாகச் செல்வதைத் தடுத்தது. பகுதிவாசிகள் தங்கள் ஆட்சேபங்களை விரிவாகத் தொகுத்து அளித்தனர். அதை மன்றம் உரியவாறு கருத்தில் கொள்ளவில்லை என்று கூறி, அந்த ஆணை சட்டத்துக்குப் புறம்பானது என 2025 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாகனத் தடை தவறு என்று நீதிமன்றம் கூறவில்லை. கேட்ட முறை தவறு என்றது.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே லண்டனில், கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் 2020 இலையுதிர் காலத்தில் அமைக்கப்பட்ட தற்காலிக மிதிவண்டித் தடம், எதிர்ப்புக் குரல் எழுந்ததும் டிசம்பரிலேயே அகற்றப்பட்டது. சில வாரங்களில் எதை அளந்திருக்க முடியும்? அந்தத் தடத்தில் சென்றவர்களும் ‘எங்களிடம் கேட்கவில்லை’ என்றே வருந்தினர். வாக்குறுதி இரு தரப்புக்கும் பொது. சோதனையை அறிவித்த காலத்துக்கு மேல் நீட்டிப்பது எவ்வளவு தவறோ, உரத்த குரலுக்கு அஞ்சிப் பாதியில் கைவிடுவதும் அவ்வளவு தவறு.

உண்மையாகவே முடிந்த ஒரு சோதனை

இவற்றுக்கெல்லாம் முன்னரே ஒரு நகரம் வேறு வழியைக் காட்டியது. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில், நகர மையத்துக்குள் நுழையும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் வசூலிக்கும் சோதனை 2006 ஜனவரி 3 அன்று தொடங்கியது. கட்டணத்துக்கு முன்பே, 2005 ஆகஸ்டில் கூடுதல் பேருந்துகள் விடப்பட்டன. தொடங்கும் முன் மக்களில் பெரும்பான்மையினர் கட்டணத்தை எதிர்த்தனர். நடைமுறைக்கு வந்ததும் கட்டண எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

அடுத்து நடந்ததே முக்கியமானது. ஜூலை 31 அன்று, அறிவித்தபடி கட்டணம் நிறுத்தப்பட்டது. வாகனங்கள் திரும்பின, நெரிசலும் திரும்பியது. கட்டணம் இருந்த நகரையும் இல்லாத நகரையும் மக்கள் தங்கள் கண்களாலேயே ஒப்பிட்டனர். செப்டம்பர் 17 அன்று நடந்த வாக்கெடுப்பில் நகரவாசிகளில் பாதிக்குச் சற்று அதிகமானோர் கட்டணத்தை ஆதரித்தனர். 2007 ஆகஸ்ட் 1 முதல் அது நிரந்தரமானது.

ஸ்டாக்ஹோமும் குறையற்றதன்று. 2002 தேர்தலுக்கு முன், தன் பதவிக்காலத்தில் நெரிசல் கட்டணம் வராது என்று உறுதியளித்தவர் மேயர் ஆனிகா பில்ஸ்ட்ரோம். அந்த உறுதி மீறப்பட்டது. 2006 தேர்தலில் அவரது கட்சி நகர ஆட்சியை இழந்தது. தோல்விக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும், அதே நாளில் கட்டணத்துக்கு ‘ஆம்’ என்ற நகரம் அவரது கட்சிக்கு ‘இல்லை’ என்றது. அண்டை நகராட்சிகள் பலவற்றில் நடந்த வாக்கெடுப்புகளில் எதிர்ப்பே வென்றது. அன்றாடம் நகருக்குள் காரில் வருவோர் பலர் வசித்த பகுதிகள் அவை. யாரிடம் கேட்பது என்ற கேள்வி அங்கும் எஞ்சி நின்றது. சான் பிரான்சிஸ்கோவிலும் இதே கேள்விதான்.

மூன்று கடமைகள்

சாலையில் மாற்றங்களைச் சோதித்துப் பார்ப்பது நல்லதே. தூய காற்றும், அச்சமின்றித் தெருவைக் கடக்கும் குழந்தைகளும் எந்த நகரமும் விரும்ப வேண்டியவை. ஆம்புலன்ஸ் தாமதம், மாற்றுத்திறனாளிகளின் நீண்ட சுற்றுப் பயணம், அடைக்கப்பட்ட தெருவின் நெரிசலைத் தன் வாசலில் சுமக்கும் பிரதான சாலைவாசியின் துயரம் ஆகியவையும் பொருட்படுத்த வேண்டியவை. இவற்றை எடைபோடுவதற்குத்தான் சோதனை.

ஆகவே, சோதனையை அறிவிக்கும் நிர்வாகத்துக்கு மூன்று கடமைகள் உண்டு. அது எந்த நாளில் முடியும் என்று கூறி, அந்த நாளைக் காக்க வேண்டும். எது அளக்கப்படும், எந்த அளவு எட்டப்பட்டால் மாற்றம் நீடிக்கும் என்பதைத் தொடங்கும் முன்பே வெளியிட வேண்டும். பயனடைவோரிடம் மட்டுமன்றி, சுமையைத் தாங்குவோரிடமும் கருத்துக் கேட்டு, ஏற்காத ஆட்சேபத்துக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தெரு எல்லோருக்கும் பொது. அதன் ஒரு பகுதியைத் தற்காலிகமாக விட்டுத்தரச் சொன்னால், மக்கள் பெரும்பாலும் விட்டுத்தருவார்கள். கெடு முடிந்தும் யாரும் வந்து கேட்கவில்லை என்றால், அடுத்த முறை அரசு ‘தற்காலிகம்’ என்று அறிவிக்கும்போது நம்ப ஆளிருக்காது.