திருமேனியின் அளவு

திருப்பெரும்பூதூரை அடுத்த வல்லம் வடகால் இந்நாளில் தொழிற்கூடங்களால் பெயர்பெற்ற ஊர். சிப்காட் தொழிற்பூங்கா அமைந்தபின் அளவு என்பது இங்குப் பணிபுரிவோரின் அன்றாடப் பேச்சாகிவிட்டது. இங்கே கடைந்த உறுப்பொன்று கடல்கடந்த நாட்டில் வார்த்த மற்றோர் உறுப்போடு பிசகின்றிப் பொருந்தவேண்டும். ஆதலின் மில்லிமீட்டர் எங்கும் ஒன்றே. இவ்வூருக்கு மேற்கே காஞ்சியிலும் தென்கிழக்கே மாமல்லபுரத்திலும் கல்லைத் திருமேனியாக்கிய சிற்பியர் கைக்கொண்ட அளவோ வேறு வகையினது. அது ஒரு திருமேனிக்கென்றே பிறந்து அத்திருமேனியோடு முடிவது. சிற்பத்திற்கும் ஓவியத்திற்கும் அடிப்படை யாது என்று வினவுவார்க்கு நம் முன்னோர் தந்த முதல் விடை இதுவே.

சிற்ப நூல்கள் அங்குலத்தை ஒருவகையாகக் கூறவில்லை. யவமணி எட்டின் அகலம் ஓர் அங்குலம், அது மானாங்குலம். செய்விப்போனது விரலால் கொள்வது மாத்திராங்குலம். திருமேனி சமைக்கும் ஸ்தபதிக்கு இவற்றினும் இன்றியமையாதது தேகலப்தாங்குலம். சமைக்கவேண்டிய திருவுருவின் முழு உயரத்தையும் 124 கூறாக்கினால் வரும் ஒரு கூறே அவ்வுருவிற்குரிய அங்குலம். உயரம் ஒரு சாணாயினும் இரண்டு ஆளாயினும் கூறு 124 தான். உத்தம தசதாலம் எனப்படும் இவ்வளவில் உச்சி 4, முகம் 13½, கழுத்து 4. கழுத்தினின்று மார்பும், மார்பினின்று உந்தியும், உந்தியினின்று அடிவயிற்றின் முடிவும் தனித்தனி 13½. தொடை 27, முழந்தாள் 4, கணைக்கால் 27, பாதம் 4. கூட்டிப் பார்ப்பார்க்குக் கணக்கு ஓர் இம்மியும் பிழையாது. சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் இவ்வளவு உரியது. தேவியர்க்கு மத்திம தசதாலம், அதாவது 120 கூறு. யானைமுகப் பெருமானுக்கோ ஐந்து தாலமே. குழந்தைமையும் குறுமையும் அளவிலேயே வந்துவிடுகின்றன.

சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள் இக்கணக்கிற்குக் கொள்ளும் கருவி தென்னை ஓலையின் ஒரு குறுங்கீற்றே. படிமத்தின் உயரத்திற்கு அதனை நறுக்கி, தாலக் கணக்கின்படி மடித்து மடித்து, மடிப்பின் தடத்தைக்கொண்டே மெழுகில் உறுப்புகளை வகுப்பர். அளவுகோலில் எண் பொறிக்கப்பெறுவதில்லை. பணி முடிந்ததும் அவ்வோலைக்கு வேறு பயனும் இல்லை.

முகமே உடலின் அளவுகோல் என்னும் எண்ணம் பிற நாட்டார்க்கும் இருந்ததுண்டு. மோவாய் முதல் மயிர் தொடங்கும் நெற்றி விளிம்பு வரையுள்ள முகம் உடல் உயரத்தில் பத்தில் ஒன்று என்று உரோமானியக் கட்டடநூல் ஆசிரியர் விட்ருவியஸ் எழுதிவைத்தார். அதற்கும் முன்னர்க் கிரேக்கச் சிற்பி பொலிக்லைட்டஸ் அளவுக்கென்றே ஒரு நூல் செய்தார். அது இன்று இல்லை. அவர்கள் நாடியது குறையற்ற மானிட உடல். நம் ஸ்தபதி நாடியதோ தியானத்தில் தோன்றும் உரு. கணக்கு ஏறக்குறைய ஒன்றாயிருந்தும் கிடைத்த வடிவங்கள் வேறாயினமைக்குக் காரணம் இதுவேயாம்.

ஆயினும் அளவு மட்டும் உயிரைத் தராது. உச்சியினின்று ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டால் அது உந்தியின் வழியே இறங்கி இரு குதிகால்களுக்கும் நடுவே வீழுமாயின் அந்நிலை சமபங்கம். உடல் சற்றே ஒசிந்தால் ஆபங்கம். தலை, மார்பு, இடை மூன்றும் ஒன்றற்கொன்று மாறிச் சாய்ந்தால் திரிபங்கம். நூல் அசைவதில்லை. உடல் அதனைவிட்டு எவ்வளவு விலகுகின்றது, விலகியும் விழாமல் எங்ஙனம் நிற்கின்றது என்பதே கலை. விஷ்ணு தர்மோத்தரத்தில் படிமக்கலை கேட்க வந்த வச்சிர மன்னனிடம், ஓவியம் அறியாதார்க்குப் படிமம் விளங்காது, கூத்து அறியாதார்க்கு ஓவியம் விளங்காது என்று மார்க்கண்டேயர் உணர்த்துவது இது பற்றியே. சென்னை அருங்காட்சியகத்திலுள்ள திருவாலங்காட்டு நடராசரின் புகைப்படங்களைக் கண்டு பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் வியந்து வரைந்த கட்டுரை 1921-இல் வெளிவந்தது. தாலக் கணக்கை அவர் கற்றவரல்லர். அசைவினுள் இருந்த நிலைபேற்றைக் கண்ணாலேயே கண்டுகொண்டார்.

இனிக் கோடும் வண்ணமும். உருவ வேறுபாடு, அளவு, மெய்ப்பாடு, எழில் கூட்டல், ஒப்புமை, வண்ணக் கலப்பு என ஓவியத்திற்கு ஆறு உறுப்புகள் உண்டென்பது காமசூத்திர உரையாசிரியர் யசோதரர் காட்டும் வகுப்பு. தொண்டைநாட்டில் இக்கலையைப் போற்றிய வேந்தருள் தலையாயவன் மகேந்திரவர்மன். சித்திரகாரப்புலி என்பது அவன் பூண்ட விருதுப்பெயர். செங்கற்பட்டின் பக்கத்தேயுள்ள மற்றொரு வல்லத்தில் அவன் அடியவனான கந்தசேனன் குடைவித்த குகைக்கோயில் இன்றும் உள்ளது. பெயரொற்றுமையால் அதனை வல்லம் வடகாலோடு மயங்குதல் வேண்டா. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை இராசசிம்மன் எடுப்பித்தது எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். திருச்சுற்றிலுள்ள சிற்றறைகளில் பல்லவர் கால ஓவியம் எஞ்சியிருப்பதை 1931-இல் ழூவோ துப்ரேய் கண்டறிந்தார். சோமாஸ்கந்தரின் ஒரு பகுதி, ஒரு முகத்தின் வளைவு, சில செங்கோடுகள், இவ்வளவே மிஞ்சின. வண்ணம் உதிர்ந்த இடத்திலும் கோடு நிற்கின்றது. அதே ஆண்டில் தஞ்சைப் பெரியகோயிலில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி கண்டார்.

இவ்விரண்டும் மறைந்திருந்தது பகைவர் செயலால் அன்று. பிற்காலத்தார் பக்தியோடு பூசிய பூச்சே மறைத்தது. திருப்பணி செய்வார் நெஞ்சில் இருத்தத் தக்க செய்தி இது. குடமுழுக்கு நெருங்குங்கால் பழைய தூணைப் புதிதாக்கும் ஆர்வத்தில் மணலை விசையோடு பீய்ச்சிக் கழுவுதல் பல ஊர்களில் நிகழ்ந்துள்ளது. அழுக்கோடு போவன நகத்தின் விளிம்பும், முப்புரிநூலின் இழையும், உதட்டோரத்து மெல்லிய ஒடுக்கமுமே. சுதைப்பாவையின் ஒடிந்த கையைக் கடையில் வாங்கிய நாடாவால் அளந்து ஒட்டவைப்பாரும் உளர். அக்கை பிழையற்றதாகவே இருக்கும். ஆனால் அந்தப் பாவையின் கையாக இராது. அதன் அங்குலத்தை அதன் உயரத்தினின்றே பெறுதல் வேண்டும். ஓர் ஓலைக்கீற்றும் அரைநாட் பொழுதும் போதும்.

அளவும் ஒசிவும் கோடும் அமைந்தபின்னரும் ஸ்தபதி ஒன்றை எஞ்சவிடுகின்றார். அது கண். நயனோன்மீலனத்தின்போது பொன்னூசியால் விழிக்கோட்டைத் தீட்டி, திறந்த கண்முன் கன்றோடு கூடிய பசுவையும் தானியக் குவியலையும் கன்னியரையும் காட்டுதல் மரபு.

வல்லம் வடகாலுக்கு அணித்தேயுள்ள திருப்பெரும்பூதூரில் எழுந்தருளியுள்ள உடையவரின் உற்சவத் திருமேனி, தானுகந்த திருமேனி எனப்படும். 1017-இல் அவ்வூரில் அவதரித்த இராமாநுசர் முதுமையில் திருவரங்கத்தில் வாழ்ந்திருந்தபோதே கந்தாடை ஆண்டான் அதனைச் செய்வித்தார் என்பது வைணவ குருபரம்பரை கூறும் செய்தி. தெய்வ உருவிற்குத் தியானம் உண்டு. வாழ்கின்ற ஆசாரியருக்கோ ஒப்புமையே வேண்டும். முடிந்த உருவை இராமாநுசர் தழுவிக்கொண்டு, உவந்து விடைகொடுத்தார் என்பர். தைப்பூசத்தன்று பூதூரில் சிற்பி அதன் கண்ணைத் திறந்த வேளையில், நெடுந்தொலைவிலிருந்த உடையவர் தம் உடலில் தளர்ச்சி தோன்றக் கண்டு, அங்கே நிகழ்வது இன்னதென்று உடனிருந்தார்க்கு உரைத்தாராம்.