குற்றம் கட்டிய பணம்

எங்கள் பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்துகளில் 'குத்தம் கட்டுறது' என்றொரு வழக்கம் உண்டு. தப்பு செய்தவன், அவன் சின்னப் பையனாக இருந்தால் அவனுடைய அப்பன், ஊர் கூடிய இடத்தில் விழுந்து கும்பிட்டு ஒரு தொகையைக் கட்ட வேண்டும். தொகை கோயில் கணக்கில் சேரும், இல்லையென்றால் ஊர்ப்பொதுவில் சேரும். விவகாரம் ஒரு பெண்ணுக்கு நடந்ததைப் பற்றியதாக இருந்தாலும், பணம் அந்தப் பெண்ணின் கைக்கு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கோயிலுக்கு மணி வந்திருக்கிறது. மைக் செட் வந்திருக்கிறது.

பஞ்சாயத்தைப் பார்த்துச் சிரிப்பது எளிது. எழுதி வைத்த சட்டமும் வெகுகாலம் இதைத்தான் செய்தது. அபராதம் அரசாங்கக் கருவூலத்துக்குப் போனது. 1898ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 545ஆம் பிரிவு, நீதிமன்றம் நினைத்தால் அந்த அபராதத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கலாம் என்றது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதுவே 357ஆம் பிரிவானது. அபராதம் விதிக்காத வழக்கிலும் குற்றவாளியை இழப்பீடு கட்டச் சொல்லலாம் என்று ஓர் உட்பிரிவு கூடுதலாக வந்தது. 1988இல் ஹரி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த அதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள் என்று கீழ் நீதிமன்றங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு தூசு படிந்து கிடந்திருக்கிறது அது. எப்படியானாலும் முதலில் ஒருவன் குற்றவாளி என்று தீர்ப்பாக வேண்டும். அவனிடம் பணமும் இருக்க வேண்டும்.

செய்தவனும் குழந்தை என்றால்?

எனக்கு இது ஏட்டுக் கேள்வி கிடையாது. 1988 கோடை விடுமுறையில் எனக்கு எட்டு வயது, அத்தை மகனுக்குப் பதினான்கு. அந்த விடுமுறையிலும் அடுத்த இரண்டு விடுமுறைகளிலும் ஆச்சி வீட்டில் அவன் எனக்குச் செய்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதியிருக்கிறேன். மூன்றாம் வருடம் அம்மாவிடம் சொன்னேன். "முறைப்பையன்தானே, வெளிய சொல்லாத" என்றாள். பத்தொன்பது வயதில் அவனுக்கே என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். 'முறை' என்ற சொல்லுக்கு நம் மொழியில் எத்தனை பொருள்! ஒழுங்கு, உரிமை, நீதி, தடவை. எட்டு வயதுக் குழந்தைமேல் பதினான்கு வயதுப் பையனுக்கு உரிமை இருப்பதாகச் சொல்லவும் அதே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது.

வரலாறு படிப்பிக்கிறவள் என்பதால் எனக்கு ஒரு பழக்கம்: எதுவானாலும் அது முதலில் எப்படி வந்தது என்று தேடிப் போவேன். அப்படித் தேடியபோது கிடைத்தவர் மார்ஜரி ஃப்ரை. இங்கிலாந்தின் முதல் பெண் மாஜிஸ்திரேட்டுகளில் ஒருவர், ஆக்ஸ்ஃபோர்டில் சோமர்வில் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கைதிகளின் நிலையை மேம்படுத்தவும் தூக்குத் தண்டனையை ஒழிக்கவும் செலவிட்டார். இப்படிப்பட்டவர் 1950களில், எண்பது வயதை நெருங்கும்போது, பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் திரும்பினார். அவர் எடுத்துக்காட்டிய ஒரு கணக்கு பிரபலமானது. 1951இல் தாக்கப்பட்டுப் பார்வை இழந்த ஒருவருக்கு 11,500 பவுண்டு இழப்பீடு என்று தீர்ப்பாகிறது. தாக்கிய இருவரும் வாரம் ஆளுக்கு ஐந்து ஷில்லிங் கட்ட வேண்டும். கடைசித் தவணை கைக்கு வர 442 ஆண்டுகள் ஆகும்.

ஃப்ரையின் வாதம் இதுதான்: குடிமக்களைக் காப்பது அரசின் வேலை, அது தவறும்போது ஏற்படும் இழப்பைச் சமூகம் பகிர்ந்துகொள்ள வேண்டும். செய்தவனைப் பிடித்தார்களா, அவனிடம் காசு இருக்கிறதா என்பதில் அது தொங்கக் கூடாது. அவர் 1958இல் இறந்தார். 1964 ஜனவரியில் நியூசிலாந்தும் அதே ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டனும் அரசுப் பணத்திலிருந்து இழப்பீடு தரும் திட்டங்களைத் தொடங்கின.

காயத்துக்குப் பணம் கேட்பதும் செய்தவனுக்குத் தண்டனை கேட்பதும் வேறு வேறு என்பதைத் தெளிவாகச் சொன்னவர் ஒரு சிறைச் சீர்திருத்தவாதி என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. கைதிகளோடு பழகியவருக்குத்தான் தெரிந்திருக்கும், தண்டனையிலிருந்து யாருக்கும் மருந்துச் செலவு வராது என்று.

ஆனால் பிரிட்டன் தன் திட்டத்தில் ஒரு கதவை அடைத்தே வைத்தது. செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே வீட்டில் ஒரே குடும்பமாக வாழ்ந்திருந்தால் பணம் கிடையாது. 'ஒரே கூரை விதி' என்று பெயர். வீட்டுக்குள் நடந்ததை நிரூபிப்பது கடினம், கொடுக்கிற பணம் செய்தவன் கைக்கே போய்விடும் என்று காரணம் சொன்னார்கள். சித்தப்பாவோ அண்ணனோ செய்திருந்தால் அரசுக்குக் காது கேட்காது என்று பொருள். 1979 அக்டோபரில் விதியைத் தளர்த்தினார்கள். அதற்கு முன் நடந்தவற்றுக்கு மட்டும் அது அப்படியே நின்றது. மாற்றாந்தந்தையால் சிறுவயதில் பாதிக்கப்பட்ட ஒரு பெண் வழக்காடி, 2018 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். அதே ஆளால் பாதிக்கப்பட்டு வேறு வீட்டில் இருந்த உறவுப் பெண்ணுக்கு இழப்பீடு கிடைத்திருந்தது, இவருக்கு மறுத்திருந்தார்கள். 2019 ஜூனில் விதியையே நீக்கினார்கள். 1964இலிருந்து கணக்கிட்டால் 55 ஆண்டுகள். பிரிட்டிஷ் திட்டத்தில் குழந்தைகளைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. குற்றப்பொறுப்பு வயதான பத்தை எட்டாத குழந்தை செய்திருந்தாலும், விளைவு என்ன என்று அதற்குப் புரிந்திருந்தால், விதிவிலக்காக இழப்பீடு தரலாம்.

ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களுக்குள் நடந்த பாலியல் கொடுமைகளை விசாரித்த அரச ஆணையம் 2017 டிசம்பரில் தந்த இறுதி அறிக்கையில், குழந்தைகளே குழந்தைகளுக்குச் செய்தவற்றுக்கென்று தனியாக ஒரு தொகுதி ஒதுக்கியிருக்கிறது, பத்தாவது தொகுதி. அதில் அவர்களைக் குற்றவாளி என்று அழைப்பதைத் தவிர்த்து, 'தீங்கான பாலியல் நடத்தை கொண்ட குழந்தைகள்' என்று எழுதினார்கள். நீளமான பெயர்தான். அதன் பயன் வேறு: கேள்வி பையனை விட்டு நகர்ந்து, இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் யார் என்பதற்குப் போகிறது. 2018 ஜூலையில் அங்கே தொடங்கிய நிவாரணத் திட்டத்தில் உச்சவரம்பு 1,50,000 டாலர்; பொறுப்பேற்கும் நிறுவனம் கட்ட வேண்டும். ஆச்சி வீட்டை எந்த நிறுவனத்தின் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்விக்கு அங்கேயும் பதில் இல்லை.

இந்தியாவில் ஃப்ரையின் வாதம் ரயிலில் வந்தது. 1993இல் ராஞ்சியிலிருந்து டெல்லி போகும் முரி எக்ஸ்பிரஸில், வீட்டு வேலை செய்யும் பெண்களை ராணுவ வீரர்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள். டெல்லி வீட்டுவேலைப் பெண்கள் அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பில், இழப்பீட்டு வாரியம் ஒன்று அமைக்க வேண்டும், தண்டனை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது பணம் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பாத்திரம் துலக்கிப் பிழைத்த பெண்கள் வாங்கித் தந்த வாக்கியம் இது. சட்டக் கல்லூரி மாணவிகள் வழக்கின் பெயரோடு இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அந்த வாக்கியம் சட்டமாக வர இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 357ஏ பிரிவு 2009 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது.

அடுத்தது போக்சோ, 2012 நவம்பர் 14. அதன் 2020ஆம் ஆண்டு விதிகளில் 9ஆம் விதி தெளிவானது: வழக்கு விடுதலையில் முடிந்தாலும், செய்தவரைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டாலும் சிறப்பு நீதிமன்றம் இழப்பீடு தரச் சொல்லலாம், உத்தரவிட்ட 30 நாளில் மாநில அரசு கொடுக்க வேண்டும். படிப்பு போனது, வேலை போனது, செய்தவருக்கும் குழந்தைக்கும் இருந்த உறவு, ஒரு தடவையா பல காலமா என்பதையெல்லாம் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. நல்ல விதி. ஆனால் செய்தவருக்கு 18 வயது ஆகாவிட்டால், போக்சோ 34ஆம் பிரிவின்படி அவர் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகிறார். விதி 9 பேசுவதோ சிறப்பு நீதிமன்றத்தைப் பற்றி. ஏழு வயதுக்குக் கீழே என்றால் இன்னும் மோசம். அந்த வயதுக் குழந்தை செய்வது எதுவும் குற்றமே ஆகாது என்பது 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திலிருந்து வரும் நியாயம். குற்றமே இல்லை என்றால் பாதிக்கப்பட்டவள் யார்?

இந்த இடத்தில் சிலர், அப்படியானால் வயதைக் குறையுங்கள், பையன்களையும் உள்ளே தள்ளுங்கள் என்பார்கள். 2012 டிசம்பருக்குப் பிறகு நாடே அப்படித்தான் கத்தியது. 2015இல் இளைஞர் நீதிச் சட்டத்தை மாற்றி, 16 வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொடுங்குற்றங்களுக்குப் பெரியவர்களைப்போல் விசாரிக்க வழி செய்தார்கள். பெண்கள் அமைப்புகள் பலவும் அதை எதிர்த்தன. நானும் அந்தப் பக்கம்தான். இந்தியாவிலேயே முதலாவதாக 1920இல் குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது நம் மதராஸ் மாகாணம். அந்த வழியை விட்டு இறங்குவதால் என் தூக்கம் திரும்பி வராது.

எனக்கு எந்தச் சட்டமும் இல்லை என்று ஒரு வக்கீல் தோழி முதலிலேயே சொன்னாள். போக்சோ பின்னோக்கிப் பாயாது. எனக்கு நடந்தது அன்றைய 376க்குள் வராது. 354க்குள் வரும், 'பெண்ணின் மானத்துக்குப் பங்கம்'. கைக்குழந்தைக்கு மானம் உண்டா என்று 1966இல் உச்ச நீதிமன்றம் வரை போய் விவாதித்த பிரிவு அது (உண்டு என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள், நல்லவேளை). அன்று அதற்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு தண்டனை. அதனால் புகாரை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளக் காலவரம்பு மூன்று ஆண்டு. எனக்குப் பதின்மூன்று வயதானபோது அது முடிந்துவிட்டது. சிவில் வழக்கு போட்டிருந்தாலும் 21 வயதுக்குள் போட்டிருக்க வேண்டும். ஒரு விசித்திரமும் சொன்னாள்: இன்று வழக்கு நடந்தாலும், ஐம்பது தாண்டிய அவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்புதான் நிற்பான். நடந்த நாளின் வயதுதான் கணக்கு.

மிஞ்சியது 357ஏ, நான்காம் உட்பிரிவு. வழக்கு விசாரணை நடக்காத நிலையிலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் நேரடியாக மனுப் போடலாம். 2023இல் போட்டேன். மனுவை வாங்கிய எழுத்தர் நல்ல மனிதர், என் அப்பா வயது.

"எஃப்.ஐ.ஆர். நம்பர் போடலையேம்மா?"

"இல்லை சார்."

"அப்ப ஆள் யாருன்னு தெரியாதுன்னு எழுதிருங்க. செக்‌ஷன் அப்படித்தான் இருக்கு. தெரியும்னு எழுதினா ஏன் கேஸ் போடலைம்பாங்க."

அவர் சொன்னது சரி. உட்பிரிவின் முதல் வார்த்தைகளே, குற்றம் செய்தவரைக் கண்டுபிடிக்கவோ அடையாளம் காணவோ முடியாதபோது என்றுதான் தொடங்குகின்றன. முகம் தெரியாத ஒருவன் செய்திருந்தால் எனக்கு வழி இருந்திருக்கும். முப்பத்தைந்து ஆண்டுகளாக அவன் பெயர் தெரியாததுபோல் கல்யாண வீடுகளில் பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். இதையும் எழுதிக் கொடுக்கச் சொன்னபோது கை வரவில்லை. பெயரை எழுதினேன். அன்றைய வயதையும் எழுதினேன். தண்டனை கோரவில்லை என்றும் எழுதினேன். மனு திரும்பி வந்தது: முதல் தகவல் அறிக்கை இல்லை, மூன்று ஆண்டுக் காலவரம்பு கடந்துவிட்டது.

காலவரம்பைத் தகுந்த காரணம் இருந்தால் தளர்த்தலாம் என்று 2018ஆம் ஆண்டு தேசியத் திட்டத்திலேயே இருக்கிறது. 2009க்கு முன் நடந்த குற்றங்களுக்கும் இந்த உட்பிரிவு பொருந்தும் என்று 2020 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டை அது கட்டுப்படுத்தாது. ஆனால் மேற்கோள் காட்டலாம். இரண்டையும் இணைத்து மறுபடி மனுப் போட்டேன், இப்போது புதிய சட்டத்தின் 396ஆம் பிரிவில். பிளஸ் டூவை இரண்டு முறை படித்த ஓராண்டு. மனநல ஆலோசகரிடம் 62 அமர்வுகள், ஒன்றுக்கு 1,200 ரூபாய், ஆக 74,400. மற்றதை நீங்களே மதிப்பிடுங்கள் என்று விட்டுவிட்டேன். காசுக்காகவா இதெல்லாம் என்று தங்கை கேட்டாள். ஆமாம் என்றேன். ஊர்ப்பொதுவுக்கும் கோயிலுக்கும் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு தடவையாவது பணம் என் பெயருக்கு வர வேண்டும்.

சாட்சிக்கு அம்மா வந்தாள். எழுபத்து நான்கு வயது. 1990இல் மகள் என்னிடம் சொன்னாள், நான் யாரிடமும் சொல்லவில்லை என்று பிரமாணப் பத்திரம். தட்டச்சு செய்கிறவரிடம், "அத்தை மகன்னு மட்டும் போடுங்க தம்பி, முறைப்பையன்னு போட்டுறாதீங்க" என்றாள். கையெழுத்து நடுங்கியது, ஆனால் முழுப் பெயரும் எழுதினாள்.

இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். இது ஐந்தாவது மாதம்.