இந்தியாவில் புகையிலைக் கட்டுப்பாடு

சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வாசகம் அச்சிடுவதைக் கட்டாயமாக்கிய சட்டம் 1975இல் வந்தது. புகையிலைத் தொழிலை வளர்ப்பதற்கான வாரியச் சட்டமும் அதே ஆண்டில்தான் நிறைவேறியது. வாரியத்தின் தலைமையகம் குண்டூர். ஒரு கையால் வளர்த்து மறு கையால் தடுக்கும் இந்தப் போக்கு இன்றுவரை மாறவில்லை.

அரசு தயங்கிய இடத்தில் நீதிமன்றங்கள் முந்திக்கொண்டன. பொது இடங்களில் புகைபிடிக்க 1999இல் கேரள உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2001இல் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுமைக்கும் ஆக்கியது. ‘கோட்பா’ எனப்படும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் விளம்பரத்தையும், 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்பதையும், கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்பதையும் தடுத்தது. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல், பொது இடப் புகைத்தடை விதிகள் கடுமையாக்கப்பட்டன. அபராதம் 200 ரூபாய் வரை.

படத்துடன் கூடிய எச்சரிக்கை 2009 மே 31இல் நடைமுறைக்கு வந்தது. மெல்லும் புகையிலைப் பொட்டலங்களில் முதலில் இடம்பெற்றது ஒரு தேள். வாய்ப்புற்றுக்கும் தேளுக்கும் என்ன தொடர்பென்று வாங்குபவர்தான் யூகிக்க வேண்டும். 2016 ஏப்ரலில் படமும் வாசகமும் பெட்டியின் 85 சதவீதத்தைப் பிடித்தன. ஆனால் பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்கி, அங்கே தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொள்பவர் கைக்குப் பெட்டியே போவதில்லை.

குட்காவை மடக்க உதவியது உணவுப் பாதுகாப்பு விதி. உணவில் புகையிலையோ நிகோடினோ சேரக்கூடாது என்ற 2011ஆம் ஆண்டு விதியைக் கொண்டு மாநிலங்கள் தடை விதித்தன, தமிழ்நாடு 2013இல். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகத் தடையாணையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது.

பீடி விஷயத்தில் அரசின் கை எப்போதும் தளர்ந்தே இருந்தது. திருநெல்வேலி, தென்காசி வட்டாரங்களில் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து இலை சுருட்டும் பெண்களின் பிழைப்பு அதில் இருக்கிறது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கு விதித்த இழப்பீட்டு மேல்வரி பீடிக்கு இல்லை.

மின்-சிகரெட்டுக்காகப் பேச இங்கே உழவரும் இல்லை, சுருட்டும் தொழிலாளியும் இல்லை. இளைஞர்கள் அடிமையாவதைக் காரணம் காட்டி 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் போட்ட மத்திய அரசு, டிசம்பரில் அதை நிரந்தரச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்துக்கும் தடை. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இருப்பு வைப்பதும் குற்றம். இழுப்பதைத் தனிக் குற்றமாகச் சட்டம் சொல்லவில்லை.